எஷ்த்யே என்றால் இன்னும்

பலெர்மோ
16.03.1998

அன்புள்ள மகன் றஞ்சித்துக்கு,

நானும் அப்பாவும் தங்கச்சி கிருசாந்தினியும் முருகன் அருளால் சுகம். நீயும் சுகமாக, முக்கியமாக அந்த ஸ்லோவாக்கியா முகாமை விட்டுப் புறப்படாமல் இருக்கும்போதே இது உன் கைக்குக் கிடைக்கவேண்டும் என்று கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. அகதி விண்ணப்பம் என்ன ஆனது என்று ஒவ்வொரு திங்களும் கேட்கப் போனால் யன்னலில் இருக்கிற பெண் எஷ்த்யே நியே என்கிறாள், நியே என்றால் இல்லை என்று எனக்குத் தெரியும், ஏழு தரம் கேட்டாயிற்று, மாதக் கடைசியில் இரண்டு பெடியளோடு களவாக எல்லை ஆற்றைக் கடக்கப்போகிறேன் என்று எழுதியிருந்தாய். அப்பா அதை வாசித்துவிட்டுச் சாப்பாட்டில் கைவைக்காமல் எழும்பிப் போய்விட்டார்.

எனக்கு அந்த முதல் சொல் குடைந்துகொண்டே இருந்தது. இல்லை என்பதற்கு நியே மட்டும் போதுமே, முன்னால் ஏன் இன்னொன்று? நான் வேலை செய்கிற சிஞ்ஞோராவின் வீட்டுக்கு மேல்மாடியில் ஒரு வயோதிபரைப் பராமரிக்கிற லுத்மிலா அந்த நாட்டுக்காரிதான். சனிக்கிழமை படியேறிப் போய் நீ தமிழ் எழுத்தில் எழுதியிருந்த அந்த இரண்டு சொல்லையும் வாசித்துக் காட்டினேன். மூன்றாம் தரம்தான் அவளுக்குப் பிடிபட்டது. என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு இத்தாலியனில் நோன் அங்கோரா, நோன் அங்கோரா என்றாள். மகன், அந்தச் சொல்லை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இங்கே இருக்கிறதுக்கான பெர்மெசோ அனுமதிக்கு அலைந்த வருடம் முழுக்க, இன்னும் வரவில்லை என்பதற்கு அதைத்தான் கேட்டேன், கடைசியில் தந்தார்கள். சிஞ்ஞோரா என் தட்டில் பாஸ்தா போடும்போதும் அங்கோரா என்றுதான் கேட்பா. எஷ்த்யேயும் அப்படியாம், இன்னும் வேணுமோ என்றாலும் அதுதான், இன்னுமொருக்கா என்றாலும் அதுதான், எங்கள் இன்னும் போலவே. இனி இல்லை என்று கைவிரிக்க உஷ் நியே என்று வேறு சொல் இருக்கிறதாம். அதை உனக்கு ஒருவரும் சொல்லவில்லையே.

இன்று காலை லுத்மிலா முகாமுக்கு ரெலிபோன் எடுத்துக் கதைத்தாள். அந்தப் பெண்ணுக்கு உன்னை நல்ல ஞாபகமாம். பச்சைத் தொப்பிக்காரர்தானே, இன்னும் இல்லை, ஆனால் எண்டு நான் தொடங்கேக்கையே நன்றி சொல்லிப்போட்டுப் போயிடுறார் என்றாளாம். முப்பதாம் திகதி திங்கட்கிழமை உன் விண்ணப்பம் பற்றி உன்னை விசாரிக்க மொழிபெயர்ப்பாளரோடு ஆட்கள் வருகிறார்களாம். உன்னை ரெலிபோனுக்குக் கூப்பிட முடியாது, சேதியைச் சொல்லிவிடுகிறேன் என்றிருக்கிறாள். அதை மட்டும் நம்பியிருக்க மனமில்லாமல் இதை விரைவுத் தபாலில் போடுகிறேன். அப்பா அவன் நிப்பானோ, நிப்பானோ என்று என்னைக் கேட்டபடி இருந்தார். ஓம், நிப்பான் என்று சொன்ன பிறகுதான் சோறு போடச் சொன்னார்.

லுத்மிலா தன் மொழியில் எழுதித் தந்த துண்டு உள்ளே இருக்கிறது, அதை யன்னலில் கொடு. குளிருக்குள் வெறுங்காலோடு திரியாதே. முருகன் உனக்குத் துணையிருப்பான். அந்தப் பெண் ஆனால் என்று தொடங்கினால் அவள் சொல்லி முடிக்கும்வரை அசையாமல் நில், ராசா.

உன் பதிலுக்குத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்கும்
அம்மா
நாகபூசணி கோபாலசிங்கம்