ராய்ச்சூரிலிருந்து பார்ப்பது யார்?

ஞாயிறு இரவு, கோரமண்டல்

மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் கேம்ப்பின் பழைய படங்களுக்காக நான் நடத்தும் வெப்சைட்டை யார் பார்க்கிறார்கள் என்று இன்று ஆராய்ந்தேன். பார்வையாளர் பதிவைக் கம்ப்யூட்டர் ஷீட்டில் இறக்கி, அலுவலகத்தில் கற்றுக்கொண்ட ஃபார்முலாவை எழுதியதும், எந்தப் பக்கத்தை எந்த ஊரில் திறந்தார்கள் என்பது வந்து விழுந்தது. தேதியை மாற்றி மாற்றிப் பார்த்தேன். எப்போதும் ராய்ச்சூர், எப்போதும் அப்பாவின் ஃபுட்பால் டீம் படம்.

அப்பாவிடம் சொன்னேன்.

"ராய்ச்சூரா? ஹட்டி கோல்டு மைன்ஸ் அங்கதானம்மா கீது. இங்க மைன்ஸ் மூடினதும் நம்ம கோல்கீப்பர் முனுசாமி அங்கதான் போனான். வேற எவன் இன்னாத்துக்கு இதப் பாக்கப்போறான்?"

அதன்பின் தகவலே இல்லாத நண்பர். படத்தின் கீழே, 'முனுசாமி மாமா, நீங்கள்தானா?' என்று எழுதி அப்பாவின் நம்பரைப் போட்டேன். சாயங்காலமே அப்பாவுக்கு போன் வந்தது; பேசிய பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது.

"மாமா, நான் முனுசாமி பொண்ணு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து பேச்சு போயிடுச்சி. தினமும் அந்த போட்டோவைக் காட்டச் சொல்லி கைய நீட்டுறாரு."

அப்பா போனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். பிறகு, "போனை அவன் காதுல வைம்மா" என்றார்.

மழையில் ஆடிய மேட்ச், நைட் ஷிஃப்ட் முடிந்து சுரங்கத்திலிருந்து ஏறியதும் நேராக மைதானத்துக்கு ஓடியது என்று அப்பா ஒருவரே பேசினார். அவர் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

போனை வைத்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சிரிச்சான்மா. கேட்டுச்சி. ஹட்டிக்கு எப்படிப் போறதுன்னு பாரு."

டிக்கெட் எடுத்துவிட்டேன். பக்கத்து அறையில் அப்பா இன்னும் தூங்கவில்லை. டீமில் இருந்தவர்களின் பெயர்களைத் தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.