வழுக்கிப் போன நேரம்

என் வீட்டுக்காரருக்கு,

நான் நல்லா இருக்கேன். நீங்களும் பாப்பாவும் சௌக்கியமா? உங்க இடுப்பு வலி தேவலையா?

நேத்து சலவைக்கூடத்துல ஒரே கூத்து! பெரிய மெஷின் திரையில 'எலாப்ஸ்டு'னு வந்ததை நான் 'கொலாப்ஸ்டு'னு படிச்சுட்டேன். "மெஷின் விழப்போகுது, ஓடுங்க!"னு கத்தி எல்லாரையும் தெருவுக்கு விரட்டிட்டேன். சூப்பர்வைசர் அக்கா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. "எலாப்ஸ்டுன்னா நேரம் கழிஞ்சுதுன்னு அர்த்தம்டி. லத்தீன்ல அதோட மூலம், வழுக்கிப் போறது"ன்னாங்க. எனக்கு உடனே சோப்பு நுரையோட நம்ம கையிலேருந்து வழுக்கி ஓடுற பாப்பா ஞாபகம்தான். இப்ப இங்கே என் பேரே கொலாப்ஸு!

பாப்பாவுக்குச் செருப்பு வாங்கணும். அவ பாதத்தைக் காகிதத்துல வரைஞ்சு அனுப்புங்க. பழைய அளவு இந்நேரம் பத்தாது. வேலைக்கு மணி அடிச்சாச்சு. காலம் வழுக்கினா வழுக்கட்டும். வரையுறப்போ நீங்க அவ காலைக் கெட்டியாப் பிடிச்சுக்குங்க.

உங்க கொலாப்ஸு