உரிந்த வயர்

12.11.1992, வியாழன்

வயலுழுத கால்கள் மரத்துக் கிடக்கும் கமக்காரரின் மனைவியிடம் காலையில் வார்டில் சொன்னேன்: "நரம்பும் வயர் மாதிரித்தான் அம்மா. மேலுறை கழண்டுபோச்சு. திரும்ப வளரும்."

"அப்ப உள்கம்பி நல்லாத்தானே இருக்கு டொக்டர்?"

"ஓம்" என்றுவிட்டேன். ஏன் சொன்னேன்? உள்ளே நரம்பு உயிரோடிருந்து குறிப்புக் கொடுத்தால்தான் உறையைக் கட்டும் கலங்கள் அதை மீண்டும் சுற்றிக்கொள்ளும். அதைச் சோதிக்க இங்கே கருவி இல்லை.

மாலையில் அவள் கணவரின் கட்டிலருகே சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றினாள். தடையால் பற்றரி கிடைக்காத ஊரில், டைனமோவில் றேடியோ பாடியது.

"பாத்தியளே டொக்டர், உந்த வயரும் உரிஞ்சுதான் கிடக்கு. உள்கம்பி நல்லதெண்டால் பாடும்."

அவர் பாட்டைக் கேட்டுச் சிரித்தார். போர்வைக்குள் அவரது கால் பெருவிரலை நான் நகம் பதியக் கிள்ளிக்கொண்டிருந்தேன். சிரித்துக்கொண்டே இருந்தார்.