இடி இடித்தால் பிளக்கை உருவும் கை

அஸ்ஸலாமு அலைக்கும் மகளே லுப்னா. மட்டாஞ்சேரியில் நானும் உன் அம்மாவும் அல்லாஹ் கிருபையால் சுகம், நெதர்லாந்துக் குளிரில் நீயும் காதை மூடிக்கொண்டு சுகமாய் இருக்க துஆ செய்கிறோம். உனக்கு மலையாளம் ஓடுகிற வேகத்தில் தமிழ் ஓடாது, தெரியும், ஆனால் எனக்கு மனதில் உள்ளது தமிழில்தான் வரும், நிதானமாகப் படி. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று பயந்துவிடாதே, பயந்து கிடப்பவன் நான்தான். அம்மாவுக்கு முட்டுவலி தேவலை, மீன்கறியில் உப்பு அள்ளிப் போடுவது மட்டும் குறையவில்லை. போன மாதம் வேலியேற்றத்தில் கடல் பொங்கி, காயல் தண்ணீர் இரண்டு தடவை அடுக்களை வரை ஏறியது, அரிசிச் சாக்கைக் கட்டில் மேல் வைத்தோம்.

அந்தத் தண்ணீரை அளக்கத்தானே நவம்பரில் வந்தபோது சீட்டுக்கட்டு அளவில் ஒரு கம்ப்யூட்டரைப் பின்சுவரில் மாட்டினாய். ஐந்து மாத அளவும் அதன் மெமரி கார்டில்தான் ஏறும், என் படிப்பே அதில்தான் அத்தா என்றாய். நிறுத்துவதானால் பொத்தானை அமுக்கி, பச்சை விளக்கு அடங்கிய பிறகே பிளக்கைத் தொடணும் என்று மூன்று தடவை சொன்னாய், நானும் தலையாட்டினேன். ஆனால் இடி இடித்தால் இந்தத் தெருவில் யார் யோசிக்கிறார்கள்? சங்கரலிங்கம் வீட்டு ஃபிரிட்ஜ் மின்னலில் கருகிய நாளிலிருந்து, வானம் லேசாக உறுமினாலே என் கை டிவி, ஃபிரிட்ஜ், மிக்ஸி என்று வரிசையாக உருவிவிடும், அந்த ஓட்டத்தில் உன்னுடையதையும் உருவினேன், இந்தக் கோடை மழைக்கு ஏழெட்டுத் தடவை. திரும்பச் செருகினால் பச்சை மினுங்கும், ஒன்றும் ஆகவில்லை என்று இருந்துவிட்டேன். பத்தாம் தேதி செருகினேன், சிவப்பு மட்டும் எரிந்தது.

மொபைல் கடை நிகிலிடம் ஓடினேன். கார்டில் ஏறிக்கிட்டு இருக்கும்போது கரண்டைப் பிடுங்கினா உள்ளே எல்லாம் குழம்பிடும் இக்கா, ஃபார்மேட் அடிச்சா புதுசு மாதிரி ஓடும் என்றான். பழசு என்னாகும் என்றேன், அது போகும் என்றான். கார்டை அவன் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை போனில், சிவப்பு மட்டும் எரிகிறது என்று நான் சொன்னதும், பிளக்கை யாராவது உருவினீங்களா அத்தா என்று கேட்டாய். இல்லை மகளே என்று என் வாய் சொல்லிவிட்டது. அப்போ நான் எழுதின புரோகிராம்தான் தப்பு, சார்கிட்ட சொல்லிடறேன் என்று அழுதாய் பார், அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. உன் அம்மாவிடமும் சொல்லவில்லை. ஸ்காலர்ஷிப்பை நிறுத்திவிடுவார்களோ, இனி நீ என்னை நம்பாமல் போய்விடுவாயோ என்று பயமாயிருக்கிறது. இதை எழுதும்போதும் வானம் உறுமுகிறது, அம்மா பிளக்கை உருவச் சொல்லிக் கத்துகிறாள், எனக்குக் கை எழவில்லை.

உன்னோடு அங்கே படிக்கும் வைட்டிலா ஷபானா லீவு முடிந்து நாளை கிளம்புகிறாள். உன் பழைய கம்மல் டப்பாவில் பஞ்சு வைத்து, கார்டை இந்தக் கடிதத்தோடு கொடுத்தனுப்புகிறேன். கெட்ட கார்டிலிருந்தும் எடுக்கத் தெரிந்தவர்கள் உண்டு என்று நிகில் சொன்னான், கிடைக்குமோ என்னவோ. வேளைக்குச் சாப்பிடு. அல்லாஹ் உன் படிப்பில் பரக்கத் செய்யட்டும். ஒன்றை மறக்காதே, உன் சாரிடம் போய் என் புரோகிராமில் தப்பில்லை என்று சொல். நம்பவில்லை என்றால் இந்தக் கடிதத்தைக் காட்டு. அவருக்குத் தமிழ் தெரியாதே, நீயே படித்துச் சொல், கையெழுத்து வரைக்கும் படி.

இப்படிக்கு,
பிளக்கை உருவிய உன் அத்தா,
ஜாபர் சாதிக்