திகதி எழுதாத இரண்டு படிவங்கள்

2009 மே 20, புதன்

புலம்பெயர்ந்து வந்து நாங்கள் குடியிருக்கும் மோர்னிங்சைட் பக்கம் வீடுகள் பெருகி, எங்கள் பள்ளிக்கூடத்தில் இடமில்லை. வளவில் கொண்டுவந்து வைக்கும் இன்னொரு தற்காலிக போர்ட்டபிள் வகுப்பறைக்குப் பணம் கேட்க, செப்டம்பரில் சேரும் பிள்ளைகளின் பெயர்களை அலுவலகத்தில் நான்தான் திரட்டுகிறேன். இன்று ஒரு அக்கா தன் தம்பியின் பிள்ளைகளுக்காக இரண்டு படிவங்களை நீட்டினார். வருகிற திகதி எழுதவில்லை.

"எப்ப வருவினம், அக்கா?"

"வன்னியில சண்டை முடிஞ்சுதாம். முகாமுக்கு வந்திட்டினமோ தெரியாது. இங்க இடம் முடிஞ்சிடும் எண்டு சொல்லிச்சினம், அதுதான் முந்திக் குடுக்கிறன்."

வந்தால் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பமாட்டோம் என்றேன். படிவங்களை வைத்துவிட்டுப் போனார்.

மாலையில் அதிபர், போர்ட்டபிளுக்கு இரண்டு பெயர் குறைகிறது, வேறு பிள்ளைகள் இருக்கிறார்களா என்று கேட்டார்.

அக்காவின் படிவங்களில் திகதி இல்லையே என்று நினைத்து, இல்லை என்றேன்.

அந்த இரண்டு பிள்ளைகளையும் 'இல்லை' என்று சொல்லியிருக்கக் கூடாது.