உப்பு போடாத மீன்குழம்பு

என் அருமை மாமு சேகருக்கு,

நீ கண்ணை மூடி இரண்டு வருடம் ஆகிறது. இத்தனை நாள் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன் என்றால், சொல்ல வேறு ஆள் இல்லை என்று புரிந்துகொள்.

எனக்குப் புற்றுநோய் மாமு. புராஸ்டேட்டில் ஆரம்பித்து எலும்புக்குப் போய்விட்டதாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை கீமோ ஏற்றுகிறார்கள். மூன்று தடவை முடிந்துவிட்டது. முதல் தடவை மகன் பூனாவிலிருந்து வந்து நான்கு நாள் இருந்தான். அவனுக்கும் வேலை இருக்கிறதே. அதன் பிறகு திருவொற்றியூரில் ரயிலேறி ஆஸ்பத்திரிக்கு நானே போகிறேன், வரும்போது ஆட்டோ.

வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். நாக்குதான் என்னைத் தோற்கடித்தது. கம்பெனியில் ஏணிமேல் நின்று வேலை செய்யும்போது ஸ்க்ரூவை உதட்டில் கவ்விக்கொள்வோமே, ஞாபகம் இருக்கிறதா? அந்த ருசிதான் இப்போது எல்லாவற்றிலும். காபி குடித்தால் ஸ்க்ரூ, இட்லி தின்றால் ஸ்க்ரூ, வெறும் தண்ணீரிலும் அதுவே. எவர்சில்வர் ஸ்பூனை விட்டுவிட்டுப் பிளாஸ்டிக்கில் சாப்பிடச் சொன்னார் நர்ஸம்மா. சூடாக வேண்டாம், ஆறவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக, எலுமிச்சை பிழிந்து சாப்பிடச் சொன்னார். கொஞ்சம் தேவலை, அவ்வளவுதான்.

அசதியை எப்படிச் சொல்வது? நாம் இரண்டு ஷிஃப்ட் சேர்த்துப் பார்த்த நாளின் அசதி தூங்கினால் போய்விடும். இது தூங்கி எழுந்த பிறகும் அப்படியே பக்கத்தில் படுத்திருக்கிறது. குளித்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தால் சட்டையைப் போட அரைமணி நேரமாகிறது. பட்டன் போட்டுவிடு என்று யாரிடம் சொல்வேன்? கட்டினவள் செல்வி போய்ச் சேர்ந்து ஏழு வருடமாகிறது.

உனக்கு ஒன்று தெரியாது. செல்வி போன பிறகு ஞாயிற்றுக்கிழமை நான் வைக்கும் மீன்குழம்பைத் தின்றுவிட்டுக் குறை சொல்வாயே, அந்த உன் பங்கை இன்னமும் டப்பாவில் போட்டு உன் வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். வெறும் டப்பாவைத் திருப்பித் தரக்கூடாது என்று உன் சம்சாரம் கஸ்தூரி அதில் ஒரு பிடி சர்க்கரை போட்டுக் கொடுப்பாள். இரண்டே தெருதான். சிகிச்சை ஆரம்பித்த பிறகு வழியில் மூன்று இடத்தில் உட்கார்ந்து போனேன். ஆனாலும் போனேன்.

தலை ஏன் மொட்டை என்று கேட்டாள். திருத்தணிக்கு வேண்டுதல் என்று சொல்லிவிட்டேன். நோய் வந்த இடம் அப்படி, தங்கச்சியிடம் எந்த வாயால் சொல்வேன்?

குழம்பில்தான் தப்பு நடந்தது. நாக்கில் வைத்தால் உப்பே தெரியவில்லை. போட்டேன். இன்னும் தெரியவில்லை. மறுபடி போட்டேன். நீயாக இருந்தால் முதல் வாய்க்கே என்னை நாறடித்திருப்பாய். கஸ்தூரி ஒன்றும் சொல்லவில்லை. டப்பா கழுவி, சர்க்கரையோடு திரும்பி வந்தது.

போன வாரம் எனக்கு வெறுத்துப்போயிற்று. ரத்தத்தில் நோயின் அளவு இறங்குகிறது, விட்டுவிடாதீர்கள் என்றார் டாக்டர். இறங்கி என்ன? யாருக்காக இந்த ஸ்க்ரூவைத் தின்றுகொண்டிருக்கிறேன்? வருகிற வியாழக்கிழமை நான்காவது தடவை. போவதில்லை என்று முடிவு செய்தேன். ஞாயிற்றுக்கிழமை குழம்பும் வைக்கவில்லை, எழுந்திருக்கவும் இல்லை.

மறுநாள் காலையில் கஸ்தூரி வந்துவிட்டாள். முழங்கால் வலியோடு இரண்டு மாடி ஏறி வந்து, மூச்சு வாங்க என் முகத்தையே பார்த்தாள்.

"ஏண்ணே, திருத்தணில மொட்டை அட்ச்சா புருவத்தையும் எடுத்துடுவாங்களா?"

அதற்கு மேல் எப்படிப் பொய் சொல்வது? எல்லாவற்றையும் சொன்னேன், வியாழக்கிழமை போகப்போவதில்லை என்பது வரைக்கும். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாக்குக்கு இன்னாவோ ஆயிப்போச்சுன்னு எனக்கு அப்பவே தெரியும். ரெண்டு மாசமா உங்க கொழம்பு ஒரே உப்பு. வாயில வெக்க முடில."

"சொல்லியிருக்கலாமேம்மா."

"மீனை எடுத்துக் கழுவிட்டுத் துன்னேன். சொன்னா கொண்டாறத நிறுத்திடுவீங்கோ. ஞாயித்துக்கெழம எங்க வூட்டுக் கதவத் தட்றது நீங்க ஒருத்தர்தான்."

அழுதுவிட்டேன் மாமு. இந்த ஊரில் நான் ஒருத்தன்தான் அநாதை என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு தெரு தள்ளி ஒருத்தி உப்பு மீனைக் கழுவித் தின்றுகொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காக உட்கார்ந்திருக்கிறாள். அது தெரியாமல் படுத்துக் கிடந்திருக்கிறேன்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. காசிமேட்டு மீன் வாங்கி வந்து வைத்துவிட்டுப் போனாள். ஸ்டூலில் உட்கார்ந்தே குழம்பு வைத்தேன், உப்பு மட்டும் போடவில்லை. அவளே வந்து சட்டியோடு தன் வீட்டுக்கு எடுத்துப்போனாள். உப்பு போட்டுக் கொதிக்கவைத்து, பாதியை அந்த டப்பாவில் எனக்குக் கொண்டுவந்தாள். இந்தத் தடவை சர்க்கரை இல்லை.

ஆறவைத்துப் பிளாஸ்டிக் ஸ்பூனால் ஒரு வாய் வைத்தேன். அதே ஸ்க்ரூதான்.

"உப்பு சரியா கீதுதானே?" என்று கேட்டேன்.

"சரியா கீது, துன்னுங்கண்ணே."

நம்பித் தின்றேன் மாமு. டப்பா காலி.

அவள் போன பிறகு வீடு பழையபடி ஆகிவிட்டது. ஃபேன் சத்தமும் நானும்தான். ஆனால் வியாழக்கிழமை காலை ரயிலுக்குப் போகிறேன். மிச்சமுள்ள தடவைகளையும் முடிப்பேன். நாக்கு திரும்பி வந்தாலும் வராவிட்டாலும், என்னால் அடுப்படியில் உட்கார முடிகிறவரை, ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக் கதவைத் தட்ட ஆள் இருக்கும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

உன் மச்சான்,
முனுசாமி