உன் கைக்கு மட்டும் கிளம்பிய லொறி

அன்பின் சவரி மச்சான்,

சுகமா என்று கேட்கப் போவதில்லை. கோபத்தில் எழுதுகிறேன். நீ கண்மூடி இன்றோடு முப்பது நாள். இருபத்தொன்பது நாள் உனக்காக அழுதேன். இன்று நிறுத்திவிட்டேன்.

நாளை உன் முப்பத்தோராம் நாள். பூசை முடிந்ததும் உன் ஒழுங்கைச் சனம் முழுவதற்கும் சாப்பாடு. மட்டக்குளியிலிருந்து சோறு சமைக்கக் கிடாரங்களையும் சனம் உட்கார வாங்குகளையும் நம்முடைய லொறியில்தான் ஏற்றி வருவேன் என்று உன் மனைவி திரேசாவுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். காலையிலேயே வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்து, நீ போன நாளிலிருந்து யாரும் தொடாத லொறிக்குக் கைப்பிடியைப் போட்டுச் சுற்றினேன். அது ஒரு இருமல்கூட இருமவில்லை.

பெற்றோல் இருந்தது. குழாயில் அடைப்பில்லை. பிளக்குகளைக் கழற்றித் துடைத்தேன். ஒன்றை எஞ்சினில் சாய்த்து வைத்துச் சுற்றிப் பார்த்தேன், பொறி இல்லை. பொறி கொடுக்கும் மக்னட்டோதான் செத்துவிட்டது என்று நினைத்து, அதைக் கழற்றிச் சாக்கில் சுற்றி மாளிகாவத்தைக்குக் கொண்டுபோனேன். கராஜ் வைத்திருக்கும் காசிம் நானா அதை மேசையில் இறுக்கிச் சுழற்றினார். நீலமாகப் பொறி பறந்தது.

"சாமான் நல்லா ஈக்கிது. உங்கட லொறியிலதான் என்னமோ ஈக்கிது, போய்ப் பாருங்க."

களனியில் துருப்பிடித்துக் கிடந்த இரும்பை நாமிருவரும் எட்டு மாதம் தட்டிக் கொட்டி லொறியாக்கினோம். அதில் எனக்குத் தெரியாத ஆணி ஒன்று இருக்க முடியுமா? இருந்தது மச்சான். மக்னட்டோவைத் திரும்பப் பூட்டும்போதுதான் கண்டேன், நான் போடாத ஒரு மெல்லிய வயர். அது மிதிபலகைக்குக் கீழே ஓடி, மேலே ஏறி, சாரதி ஆசனத்துக்கு முன்னால் நீ பதித்து வைத்த அந்தோனியார் படத்துக்குப் பின்னால் போய் மறைந்தது.

நான் சைவக்காரன், நீ வேதக்காரன். உன் சாமியை எண்ணெய்க் கையால் கழற்றப் பயந்து திரேசாவைக் கூப்பிட்டேன். அவர் படத்தைக் கழற்றவில்லை. சட்டத்தின் மூலையை விரலால் அழுத்தினார். டிக் என்றது.

"இதுதானே சுவிட்ச். இதைப் போட்டாத்தானே லொறி கிளம்பும். அவர் உங்களுக்குச் சொல்லேல்லையா அண்ணன்?"

ஒவ்வொரு காலையும் நீ அந்தப் படத்தைத் தொட்டுச் சிலுவை போடுவாய். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பக்கத்தில் கைகூப்பி நிற்பேன். மாலையிலும் அப்படித்தான். நீ சுவிட்சைப் போட்டாய், நான் கும்பிட்டேன். உள்ளுக்குள் சிரித்தாயா?

ஏன் என்று கேட்டேன். திரேசா சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நின்றார்.

"யப்பான்காரன்ர குண்டு விழுந்த அண்டைக்கு நீங்க லொறியோட யாழ்ப்பாணம் போனீங்கதானே. அதுக்குப் பிறகுதான் இதைப் பூட்டினவர். 'அவன் நல்லவன், ஆனா பயந்தா நிக்கமாட்டான்' எண்டு சொல்லுவார்."

ஓம், போனேன். என் மனைவிக்கு மாதம் நிறைந்திருந்தது. அவளோடு உங்களையும் ஏற்றவேண்டும் என்று நினைத்துத்தான் புறப்பட்டேன். சனம் தெருவெல்லாம் ஓடுவதைக் கண்டதும், துறைமுகத்துக்குப் பக்கத்திலேயே இருந்த உங்களை ஏற்றாமல் லொறியை வடக்கே திருப்பிவிட்டேன். மூன்று கிழமை கழித்து வந்து உன் முன்னால் நின்றபோது நீ என்ன சொன்னாய்? "அதை விடு மச்சான், தேத்தண்ணி குடி." மன்னித்துவிட்டாய் என்று நம்பினேன். இனி லொறி உன் ஒழுங்கையிலேயே நிற்கட்டும் என்றாய், அதற்கும் தலையாட்டினேன்.

கன்னத்தில் இரண்டு அறைந்திருந்தால் வாங்கியிருப்பேன். காய்ச்சலில் ஐந்து நாள் கிடந்தாயே, உன் தலைமாட்டில்தானே இருந்தேன், அப்போதாவது சொல்லியிருக்கக் கூடாதா? என் கையிலிருந்து கஞ்சி குடித்துக்கொண்டு என்னை எப்படி மச்சான் கள்ளனாக நினைத்தாய்?

லொறி ஒரே சுற்றில் கிளம்பியது. கிடாரங்களும் வாங்குகளும் வந்துவிட்டன. அந்த வயரை வெட்டினால் சுவிட்ச் இல்லாமலே யார் சுற்றினாலும் லொறி கிளம்பும். எல்லாவற்றையும் இறக்கிய பிறகு, அதை வெட்டிவிடட்டுமா என்று திரேசாவைக் கேட்டேன். அவர் உன் பிள்ளைகள் இருவரையும் ஒருமுறை பார்த்தார்.

"இருக்கட்டும் அண்ணன்" என்றார்.

சரி, இருக்கட்டும். இன்னொரு முறை சைரன் ஊதினால் வெள்ளவத்தையிலிருந்து நடந்தாவது வருவேன். முதலில் உன் மனைவியையும் பிள்ளைகளையும் ஏற்றுவேன். அதற்குப் பிறகுதான் அந்தச் சுவிட்சில் கை வைப்பேன்.

நீ நம்பாவிட்டாலும்,
உன் மச்சான்
மகாலிங்கம்